ஜுனாகத் நவாபும் கிர்க் காட்டுச் சிங்கங்களும்

மதுரையம்பதியில் சித்திரைத் திருவிழாவின் முதல் நாள் இரவு, அங்கயற்கண்ணம்மை சிம்ம வாகனத்தில் எழுந்தருளி மாசி வீதிகளில் வலம் வருவதை நமது வாசகர்கள் அறிவார்கள். வில்லாபுரம், அவனியாபுரம் முதலிய சுற்றுப்புற ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாய் வந்து நிற்கும் ஜனங்கள், அம்மையை வணங்கும்போது அவளைத் தாங்கி வரும் சிங்கத்தையும் சேர்த்தே வணங்குகிறார்கள். நமது தமிழ் மொழியோ அந்த மிருகத்துக்கு அரிமா, சீயம், மடங்கல், கோளரி என்று பல பெயர்களை வழங்கியிருக்கிறது. ஆயினும் வைகைக் கரையில் உயிருள்ள காட்டுச் சிங்கம் திரிந்ததாகச் சரித்திர சாட்சியம் எதுவும் இல்லை. பாரத தேசத்தில் அதன் வாசத்துக்கு நர்மதை நதியே தென்னெல்லையாய் இருந்தது என்பது ஆராய்ச்சியாளரின் முடிவு. இன்றோ, ஆசியாக் கண்டம் முழுவதிலும் சிங்கம் சுயேச்சையாகத் திரியும் இடம் கத்தியவார் என்று முன்னாளில் வழங்கிய ஸௌராஷ்டிரப் பிரதேசம் ஒன்றே.

அங்கே அது எஞ்சி நிற்பதற்குக் காரணமாயிருந்தவர்கள் பலர். அவர்களில் முக்கியமானவர், தேசபக்தர்கள் நேசிப்பதற்கு நியாயமே இல்லாத ஒரு மனிதர். ஜுனாகத் ஸமஸ்தானத்தின் கடைசி நவாப் ஸர் முஹம்மத் மஹபத் கான் என்பவரே அவர். 1947-ஆம் வருஷத்தில் அவர் நடந்துகொண்ட விதத்தை யாரும் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. அவருடைய அரசியலுக்கு வக்காலத்து வாங்க நாம் புகவில்லை. ஆனால் ஒரு மனிதனுக்கு எதிரான சாட்சியங்களை மட்டும் கேட்டுவிட்டு, அவனுக்கு அனுகூலமானவற்றைக் கேளாமலே தீர்ப்புச் சொல்வது நியாயஸ்தலத்துக்கு அழகன்று, சரித்திரத்துக்கும் அழகன்று. ஆதலின் அவருடைய வாழ்க்கையை முழுவதும் எடுத்துரைக்கத் துணிந்தோம்.

முதலில் அவர் பிறப்பதற்கு முந்திய நிலைமையைச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டில்லிப் பிரதேசம், ராஜபுதனம், மத்திய இந்தியா, பிஹார் ஆகிய இடங்களிலெல்லாம் சிங்கங்கள் இருந்தன. துப்பாக்கியும் வெள்ளைக்காரச் சிப்பாய் அதிகாரிகளும் பெருகப் பெருகச் சிங்கங்கள் அருகின. ஆங்கிலேய அதிகாரி ஒருவர், தாம் மாத்திரம் முன்னூறு சிங்கங்களைச் சுட்டதாகவும் அவற்றில் ஐம்பது டில்லி ஜில்லாவைச் சேர்ந்தவை என்றும் பெருமை பேசியதாகத் தெரிகிறது. நமது ராஜாக்களும் இந்த விளையாட்டில் பின்வாங்கவில்லை. மேய்ச்சல் நிலங்கள் உழவுக்கு வந்தன, மான்கள் குறைந்தன, மறைவுக்குப் புதரும் இல்லாமற் போயிற்று. புலி அடர்ந்த காட்டில் ஒளிந்து பிழைக்கும். சிங்கமோ திறந்த வெளியில் கூட்டமாய் வாழும் ஜாதி. ஆகையால் வேட்டைக்காரனுக்கு எளிதில் இலக்காயிற்று. அந்த நூற்றாண்டு முடியுமுன் கிர்க் காட்டைத் தவிர இந்தியாவில் வேறெங்கும் சிங்கம் இல்லை என்ற நிலைமை வந்துவிட்டது. துருக்கி, ஈராக், பாரஸீகம் முதலிய தேசங்களிலும் இதே கதை நடந்து, இருபதாம் நூற்றாண்டின் மத்தியில் அங்கும் சிங்க வம்சம் முடிவுற்றது.

இந்த நிலைமையில் 1900-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ஆந் தேதி மஹபத் கான் ஜுனாகத் அரண்மனையில் பிறந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் மொகலாய ஆதிக்கம் தளர்ந்தபோது அந்தச் சீமையில் ஆட்சியை நிலைநாட்டிக்கொண்ட பாபி வம்சத்தவர் அவர். அவருடைய தந்தை ரஸூல் கான் 1892 முதல் நவாபாக இருந்தார். குழந்தை பிறந்த வருஷம் கத்தியவாரில் கொடிய பஞ்சம். மாடுகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. இரை கிட்டாத சிங்கங்கள் காட்டை விட்டு வெளியேறி ஊர்களுக்குள் புகுந்து, கால்நடைகளையும் மனிதர்களையும் தாக்கலாயின.

அதே 1900-ஆம் வருஷம் நவம்பர் மாதம் வைஸ்ராய் கர்ஸன் பிரபு ஜுனாகத்துக்கு விஜயம் செய்தார். அவர் கிர்க் காட்டில் சிங்க வேட்டையாட ஏற்பாடாகியிருந்தது. அழிந்துவரும் ஜாதியை நாட்டின் அதிபதியே சுட்டுக் கொல்வதா என்று பத்திரிகையில் கண்டனம் எழுந்தது. கர்ஸன் பிரபு வேட்டையைக் கைவிட்டதுடன், எஞ்சிய சிங்கங்களைக் காப்பாற்றும்படி நவாபுக்கு யோசனையும் கூறினார். வங்காளத்தை இரண்டாகப் பிளந்த அதே கர்ஸன்தான் இவர்! அவருடைய துரைத்தனத்தில் நாம் நன்றி பாராட்டக்கூடிய காரியங்கள் சில உண்டென்றால், அவற்றுள் இது ஒன்று. பத்திரிகையில் எழுதும் நான்கு வரிக்கும் பலன் உண்டு என்பதை நமது வாசகர்கள் இங்கே கவனிப்பார்களாக.

1911-ஆம் வருஷத்தில் ரஸூல் கான் காலமானார். பட்டத்துக்கு வந்த மஹபத் கான் பத்து வயதுச் சிறுவர். மைனர் நவாபுக்காக ஆங்கிலேய அதிகாரிகள் ஸமஸ்தானத்தைப் பரிபாலித்தார்கள். சிறுவரை அஜ்மீரிலுள்ள மேயோ கலாசாலைக்கு அனுப்பினார்கள். சுதேச ராஜகுமாரர்களை ஆங்கில மோஸ்தரில் வார்த்தெடுப்பதற்கென்றே ஏற்பட்ட கலாசாலை அது. அங்கு குதிரையேற்றமும் கிரிக்கெட்டும் கற்பித்தார்களேயன்றி, பிரஜைகளுக்குப் பொறுப்பாக ஆட்சி நடத்தும் வித்தையைக் கற்பித்ததாக யாரும் சொல்லவில்லை.

அவர் மைனராயிருந்த காலத்தில், 1913-ஆம் வருஷ வாக்கில், காட்டிலாகாத் தலைமை அதிகாரி கிர்க் காட்டில் எஞ்சியிருந்த சிங்கங்கள் இருபதுக்கும் குறைவு என்று தெரிவித்தார். இந்தக் கணக்கு வேண்டுமென்றே குறைத்துச் சொல்லப்பட்டது என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் சிலருடைய கருத்து. அதற்குக் காரணம் உண்டு. கவர்னர்கள், தளபதிகள், அண்டை ராஜாக்கள், அவர்களுடைய விருந்தாளிகள் ஆகிய எல்லோருக்கும் கிர்ச் சிங்கத்தின் தோல் ஒன்று வேண்டியிருந்தது. வைஸ்ராய்க்கு அடங்கிய சிறு ஸமஸ்தானம் பெரிய மனிதர்களின் கோரிக்கையை நேருக்கு நேர் மறுப்பது எளிதன்று. சிங்கமே இல்லை என்று சொல்வது ஒருவகைக் கேடயமாயிற்று. உண்மை எண்ணிக்கை எதுவாயினும், பெரும் ஜாதி ஒன்று விரல்விட்டு எண்ணும் நிலைக்கு நெருங்கியிருந்தது என்பதில் ஐயமில்லை.

1920-ஆம் வருஷத்தில் மஹபத் கான் முழு அதிகாரத்துடன் ஆட்சியை ஏற்றார். ஏறக்குறைய 3,300 சதுர மைல் விஸ்தீரணமுள்ள ஸமஸ்தானம் அது. 1941-ஆம் வருஷக் கணக்கின்படி ஜனத்தொகை சுமார் 6,70,000. பிரஜைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் ஹிந்துக்கள். ஸோமநாத க்ஷேத்திரமும் கிர்நார் மலையும் அந்த எல்லைக்குள் அடங்கியவை. நவாபின் ராஜ்ய பாரத்தைப் பற்றிப் புகழ்ந்து சொல்ல அதிகமில்லை. பிரஜைகளுக்குப் பொறுப்பாட்சி அளிக்க அவர் முன்வரவில்லை. அவருக்கு நாய்களிடம் இருந்த மோகம் தேசப் பிரசித்தம். நூற்றுக்கணக்கான நாய்களை அவர் வளர்த்ததும், ஆடம்பரமாக நாய்க் கல்யாணம் நடத்தியதும் பலவாறு பேசப்பட்டன. கிர்ப் பசு இனத்தையும் கத்தியவார்க் குதிரை இனத்தையும் விருத்தி செய்வதில் அவர் ஊக்கம் காட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். மனிதர்களுடைய குறைகளைவிட மிருகங்களுடைய க்ஷேமத்தில் அவருக்குக் கவனம் அதிகம் என்று பிரஜைகள் நினைத்திருந்தால் அது தவறாகாது.

ஆனால் சிங்க விஷயத்தில் அவர் காட்டிய உறுதி ஆச்சரியத்துக்குரியது. அவருடைய அனுமதியின்றி யாரும் சிங்கத்தைச் சுடலாகாது. அந்த அனுமதியையும் அவர் லேசில் கொடுப்பதில்லை. மிகப் பெரிய பதவியிலிருந்தவர்களுக்கு மட்டும் எப்பொழுதாவது ஒரு சிங்கம் என்ற அளவில் வேட்டையைக் கட்டுப்படுத்தினார். காட்டின் எல்லைக்கு அப்பால் மற்றொரு தொல்லை இருந்தது. கிர்க் காட்டைச் சுற்றிலும் பரோடாவைச் சேர்ந்த கிராமங்களும் சில்லறைச் சிற்றரசர்களின் நிலங்களும் கலந்து கிடந்தன. எல்லையைத் தாண்டிய சிங்கத்தை அந்த நிலத்துக்குரியவர்கள் சுட்டுக்கொள்ளலாம் என்பது நடைமுறை. ஜுனாகத் ஸமஸ்தானம் இதனை விடாமல் ஆட்சேபித்துவந்தது. 1936-ஆம் வருஷத்தில் எடுத்த கணக்கின்படி சிங்கங்களின் தொகை 287. இருபது முப்பது என்று மங்கியிருந்த விளக்கு, இவருடைய ஆட்சியில் திரும்பவும் சுடர்விட்டது.

இந்தக் காரியத்தை அவர் எதற்காகச் செய்தார்? ஜீவகாருண்யத்தாலா, அந்தஸ்தை முன்னிட்டா என்ற கேள்வி நியாயமானதே. உலகத்தில் வேறெந்த அரசனிடமும் இல்லாத பொருள் தம்மிடம் இருக்கிறது என்ற கர்வம் அவருக்கு இருந்திருக்கலாம். ஆனால் கர்வம் கொண்ட ராஜாக்கள் தேசமெங்கும் நிறைந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருடைய கர்வம் சுவரில் மாட்டிய தோலோடு முடிந்தது. இவருடைய கர்வம் காட்டில் உயிரோடு உலாவியது. இந்த வித்தியாசத்தை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மற்றொரு உண்மையையும் மறைக்கலாகாது. உத்தரவு போட்டவர் நவாப். அந்த உத்தரவின் பாரத்தைச் சுமந்தவர்கள் ஏழைகள். கிர்க் காட்டில் மண்ணும் முள்ளும் கொண்டு பட்டி அமைத்து எருமை மேய்த்து ஜீவிக்கும் மால்தாரிகள் என்ற இடையர் கூட்டத்தாரின் மாடுகளைத் தின்றே சிங்கங்கள் வெகுகாலம் பிழைத்தன. மாட்டை இழந்தவன் பழிவாங்கப் புறப்பட்டிருந்தால் எந்த நவாபாலும் சிங்கத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது. அவர்களுடைய பொறுமைக்குச் சரித்திரத்தில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

இனி 1947-ஆம் வருஷத்துக்கு வருவோம். அப்பொழுது ஜுனாகத்தின் திவான் ஷா நவாஸ் புட்டோ. ஆகஸ்டு மாதம் 15-ஆந் தேதி, தமது ஸமஸ்தானம் பாகிஸ்தானுடன் சேருகிறது என்று நவாப் அறிவித்தார். தரைவழியாகப் பாகிஸ்தானுடன் ஒரு முழ எல்லைகூட இல்லாத ஸமஸ்தானம்! பிரஜைகளின் அபிப்பிராயத்தை அவர் கேட்கவில்லை. செப்டம்பரில் பாகிஸ்தான் இதனை ஏற்றுக்கொண்டது. அம்மாதம் 25-ஆந் தேதி பம்பாயில் ஸாமள்தாஸ் காந்தியின் தலைமையில் ஜுனாகத் மக்களின் தற்காலிக ஸர்க்கார் ஏற்பட்டது. கிளர்ச்சி வலுத்தது, கஜானா வறண்டது. அக்டோபர் மாதக் கடைசியில் நவாப் தமது குடும்பத்தாருடன் விமானமேறிக் கராச்சிக்குப் போய்விட்டார். பிரியமான நாய்களையும் உடன் கொண்டு சென்றார் என்பது எங்கும் சொல்லப்படும் செய்தி. நவம்பர் 9-ஆந் தேதி ஸமஸ்தான நிர்வாகம் இந்திய ஸர்க்காரின் கைக்கு வந்தது. 1948-ஆம் வருஷம் பிப்ரவரி 20-ஆந் தேதி நடந்த வாக்கெடுப்பில் 1,90,870 பேர் வாக்களித்தார்கள். பாகிஸ்தானுக்கு ஆதரவாக விழுந்தவை 91. ஜனங்களைக் கேளாமல் ஜனங்களின் தலைவிதியை எழுதப் புகுந்த அரசனுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

மஹபத் கான் பிறகு ஜுனாகத் மண்ணை மிதிக்கவில்லை. பன்னிரண்டு வருஷங்கள் கராச்சியில் வாழ்ந்து 1959-ஆம் வருஷத்தில் காலமானார். நாய்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போக முடிந்தது. சிங்கங்களைக் கொண்டு போக முடியவில்லை. அவர் காத்த செல்வம் அவரை நிராகரித்த ஜனங்களுக்கே சொந்தமாயிற்று. விதியின் விநோதம் என்று இதைச் சொல்லலாம். நியாயத்தின் போக்கு என்றும் சொல்லலாம்.

அவருக்குப் பின் நாம் என்ன செய்தோம்? நமது கணக்கையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1950-ஆம் வருஷத்தில் ஏறக்குறைய 220 என்றிருந்த சிங்கங்கள், 1968-ஆம் வருஷக் கணக்கில் 177 ஆயின. எண்ணும் முறைகள் வெவ்வேறானவை என்றாலும், குடியரசின் முதல் இருபது வருஷங்களில் நிலைமை அபிவிருத்தியடைந்ததாகச் சொல்ல முடியாது. காட்டின் ஓரங்களை உழவு விழுங்கிற்று. மேய்ச்சல் மிகுந்து புல்லும் மானும் குறைந்தன. செத்த மாட்டின் உடலில் விஷம் வைத்துச் சிங்கத்தைக் கொல்வதும் நடந்தது. பிறகு விழிப்பு ஏற்பட்டது. 1965-ல் கிர்க் காடு சரணாலயமாயிற்று. 1972-ல் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. 1975-ல் அதன் நடுப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. மால்தாரிக் குடும்பங்கள் பல வெளியேற்றப்பட்டன. அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. மான்கள் பெருகின, சிங்கங்களும் பெருகின. 2001-ல் 327, 2010-ல் 411, 2015-ல் 523, 2020-ல் 674, 2025-ல் 891 என்று எண்ணிக்கை ஏறி வந்திருக்கிறது. ஆப்பிரிக்காக் கண்டத்தின் பல பாகங்களில் சிங்கம் குறைந்துவரும் காலத்தில், நமது தேசத்தில் அது பெருகியிருக்கிறது. குஜராத் மாநிலத்துக் காட்டிலாகாவினரும் கிராமத்தாரும் இதற்காக மனமார்ந்த பாராட்டுக்கு உரியவர்கள்.

ஆனால் அபாயம் நீங்கிவிடவில்லை. இந்த 891 சிங்கங்களும் ஒரே பிரதேசத்தில், ஒரே சிறு கூட்டத்தின் சந்ததியாய் வாழ்கின்றன. பாதிக்கு மேற்பட்டவை காப்புக் காட்டுக்கு வெளியே, வயல்களிலும் கடற்கரைப் புதர்களிலும் திரிகின்றன. கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளில் விழுந்தும், ரயிலில் அடிபட்டும், மின்வேலியில் சிக்கியும் பல மடிந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் பெரிய அபாயம் கொள்ளை நோய். 1994-ஆம் வருஷத்தில் ஆப்பிரிக்காவின் ஸெரெங்கெட்டிக் காட்டில் நாய்களுக்கு வரும் விஷ ஜுரம் பரவி, ஆயிரம் சிங்கங்கள் வரை, அதாவது மூன்றில் ஒரு பங்கு, மாண்டன. அதே ஜுரம் 2018-ஆம் வருஷம் கிர்க் காட்டிலும் தலைகாட்டிற்று. சில வாரங்களுக்குள் ஒரே சரகத்தில் 23 சிங்கங்கள் இறந்தன. நாய்களைப் பிள்ளைகள்போல் வளர்த்த நவாபின் சிங்கங்களுக்கு நாய்களின் நோயே யமனாய் வருமென்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். நமது வண்டலூர் மிருகக் காட்சிசாலையிலேயே 2021-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கொரோனா தொற்றிய சிங்கங்களில் இரண்டு இறந்ததைத் தமிழ்நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள்.

வீட்டிலுள்ள தானியம் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைக்கும் குடியானவன் உண்டா? ஆகையால் சிங்கங்களுக்கு இரண்டாவது இருப்பிடம் வேண்டும் என்று விஷயமறிந்தவர்கள் வெகுநாளாய் வற்புறுத்தி வருகிறார்கள். 1957-ஆம் வருஷத்தில் உத்தரப் பிரதேசத்துச் சந்திரபிரபா காட்டில் ஒரு ஆண் சிங்கத்தையும் இரண்டு பெண் சிங்கங்களையும் விட்டார்கள். அவை பதினொன்றாகப் பெருகிப் பிறகு அடியோடு மறைந்தன. சிறிய காடு, போதாத காவல் ஆகியவற்றால் வந்த வினை அது. பின்னர் மத்தியப் பிரதேசத்துக் குனோ காடு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்காக அங்கிருந்த இருபத்து நான்கு கிராமங்களின் ஜனங்கள் வீடுவாசல்களை விட்டு வேறிடம் போனார்கள். 2013-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ஆந் தேதி, ஆறு மாதத்துக்குள் சிங்கங்களை அங்கே அனுப்பவேண்டுமென்று ஸுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆறு மாதம் பல வருஷங்களாயிற்று. ஒரு சிங்கமும் போகவில்லை. 2022-ஆம் வருஷம் செப்டம்பரில் ஆப்பிரிக்கச் சிறுத்தைகள் அந்தக் காட்டில் குடியேறின.

குஜராத்தின் கட்சியையும் சொல்வது நமது கடமை. சிங்கங்கள் தாமாகவே புதிய இடங்களுக்குப் பரவுகின்றன, 2023-ல் போர்பந்தருக்கு அருகிலுள்ள பர்டா மலைக்கே ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது, தாங்கள் காத்த அளவுக்கு மற்றவர்கள் காப்பார்களென்பது என்ன நிச்சயம் என்று அவர்கள் கேட்கிறார்கள். சந்திரபிரபாவை நினைத்தால் இந்தக் கேள்வி அற்பமானதென்று தள்ள முடியாது. ஆனால் பர்டாவும் கிர்க் காடும் ஒரே தீபகற்பத்திலுள்ளவை. ஒன்றில் பரவும் நோய் மற்றொன்றை எட்ட வெகுநாள் ஆகாது. காவல் போதாதென்றால் காவலைப் பலப்படுத்துவதே பரிகாரம். அனுப்பவே மறுப்பது பரிகாரமாகாது.

நமக்குப் பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் இருக்கிறது. அங்குள்ள புலி மலையைத் தாண்டிப் பெரியாற்றுக் காட்டுக்குள் நுழையும்போது, தான் தமிழ்நாட்டுப் புலியா கேரளத்துப் புலியா என்று கேட்பதில்லை. சிங்கம் தமது சொந்தச் சொத்து என்று நவாப் எண்ணினார். ஸமஸ்தானங்களின் காலத்தில் அவ்வெண்ணம் இயற்கை. ஸமஸ்தானங்கள் ஒழிந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பிறகு, ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஸர்க்கார் எதுவாயினும் அதே எண்ணத்தைக் கொள்வது தகாது. மாநில ஸர்க்கார் காட்டுக்குத் தர்மகர்த்தா, உடைமைக்காரர் அல்ல.

ஜுனாகத் நகரத்திலிருந்து கிர்நார் மலைக்குப் போகும் வழியில் அசோக சக்கரவர்த்தியின் சாசனம் பொறித்த பெரும்பாறை ஒன்று இருக்கிறது. மனிதர்களுக்கும் மிருகங்களுக்கும் வைத்தியம் செய்ய ஏற்பாடு செய்யப்பட்ட நாடுகளின் வரிசையில் நமது பாண்டிய நாடும் அந்தப் பாறையில் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சக்கரவர்த்தி ஸாரநாத்தில் நிறுவிய சிங்கத் தூணின் சிகரத்தையே 1950-ஆம் வருஷத்தில் நமது குடியரசு தன் முத்திரையாக ஏற்றது. நாணயத்திலும் நோட்டிலும் ஸர்க்கார்க் கடிதத்திலும் அந்தச் சிங்கங்கள் நம் கைக்குத் தினந்தோறும் வருகின்றன. ஆகவே இவ்விஷயம் குஜராத்துக்கு மட்டும் உரியது, மதுரைக்கு இதில் சம்பந்தமில்லை என்று யாரும் ஒதுங்க முடியாது.

ஜனங்களின் விருப்பத்தை மதியாத நவாப், காட்டில் ஒரு ஜாதியை அழியாமல் காத்தார். ஜனங்களின் விருப்பத்தால் அமைந்த ஸர்க்கார்கள் அதைவிடக் குறைவாகச் செய்யலாகாது. தேச ஊழியத்தில் ஈடுபட்ட நமது வாசகர்கள் தத்தம் பார்லிமெண்ட் அங்கத்தினரிடம் இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும்: ஸுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு எப்பொழுது நிறைவேறும்? மற்றொரு கொள்ளை நோய் வந்த பிறகு கேட்பதற்கு அந்தக் கேள்வி உதவாது.